கிட்டின் பிரீ-புஷ் ஹுக்கில் பதிலுக்குக் காத்திருக்காமலே ஸ்கிரிப்ட் ஓடிவிடுகிறது. இக்னோர் செய்த கோப்புகளைத் துடைப்பதிலும் சிக்கல்

பனைநிழல்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குழுவின் கிட் ரெப்போவில் (நிரல் களஞ்சியம்) ஒரு பேஷ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ரிலீஸுக்கு முன்னால் .கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய கோப்புகளின் பட்டியல்) அடங்கிய பழைய பில்ட் கோப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ‘அழிக்கவா? (ஒய்/என்)’ என்று கேட்கும். ‘என்’ என்றால் நின்றுவிடும், இல்லையென்றால் அழித்துவிட்டுப் பில்டைத் தொடங்கும். இதே ஸ்கிரிப்டைத்தான் பிரீ-புஷ் ஹுக்கும் (புஷ் செய்யுமுன் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்), சிஐ சர்வரும் (பில்டையும் சோதனைகளையும் தானாக ஓட்டும் சர்வர்) கூப்பிடுகின்றன. இப்போது நடப்பது இது:

1. கையால் ஓட்டினால் கேள்வி வருகிறது, ஆனால் ஒரு கோப்பு விட்டு ஒரு கோப்புக்குத்தான். நடுவில் உள்ளவற்றைத் தாண்டிவிடுகிறது.

2. பிரீ-புஷ் ஹுக்கில் கேள்வி திரையில் தெரிகிறது, பதிலுக்குக் காத்திருக்காமல் அழித்துக்கொண்டே போகிறது.

3. சிஐயில் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் பாதியில் முடிந்துவிடுகிறது. ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -ஈ’ (ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டையே நிறுத்தும் அமைப்பு) உண்டு.

4. உள்ளூர் அமைப்புகள் உள்ள .என்வ் கோப்பைக் காப்பாற்ற, கோப்புகளைத் துடைக்கும் ‘கிட் கிளீன்’ கட்டளையில் ‘-ஈ .என்வ்’ கொடுத்திருக்கிறோம். அதனுடன் சின்ன எக்ஸ் விருப்பம் போட்டால் கோப்பு தப்புகிறது, பெரிய எக்ஸ் போட்டால் அதுவும் போகிறது.

5. அமைப்புக் கோப்பு ஒன்று .கிட்இக்னோரில் இருந்தும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ அதை மாறியதாகவே காட்டுகிறது.

6. தமிழில் பெயர் வைத்த கோப்புகள் பட்டியலில் \340\256 என்று எண்களாக வருகின்றன. அவற்றை ஸ்கிரிப்டால் திறக்க முடியவில்லை.

கிட் 2.43, பெரும்பாலும் உபுண்டு. சிலர் மேக், ஒருவர் விண்டோஸில் கிட் பேஷ். இவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றுதானா, தனித்தனியா?

---

தறிநூல்:

முதல் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: பேஷின் ‘ரீட்’ கட்டளை எங்கிருந்து படிக்கிறது என்பது. அது மனிதரிடமிருந்து படிப்பதில்லை, ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து (நிரலுக்கு உள்ளீடு வரும் இயல்பான வழி) படிக்கிறது. அந்த இடத்தில் விசைப்பலகை இருந்தால் நல்லது. உங்கள் மூன்று சூழலிலும் அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

கையால் ஓட்டும்போது: கோப்புப் பட்டியலை ‘வைல் ரீட்’ லூப்புக்குள் பைப் செய்திருப்பீர்கள். லூப்புக்குள் ஓடும் எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டியல்தான் ஸ்டாண்டர்ட் இன்புட். உள்ளே இருக்கும் இரண்டாவது ‘ரீட்’, பதில் என்று நினைத்து அடுத்த கோப்பின் பெயரை விழுங்குகிறது. ஒன்று விட்டு ஒன்று வருவது அதனால்தான். அந்தப் பெயர் ‘என்’ அல்ல என்பதால் அழிக்கவும் செய்கிறது.

பிரீ-புஷ்ஷில்: இந்த ஹுக்கின் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் கிட் தானே வரிகளை அனுப்புகிறது. ஒவ்வொரு வரியிலும் உள்ளூர் ரெஃப் (பிராஞ்ச் அல்லது டேக் பெயர்), அதன் ஹேஷ் (அடையாள எண்), தொலைவு ரெஃப், அதன் ஹேஷ் என நான்கு துண்டுகள் இருக்கும். உங்கள் ‘ரீட்’ அந்த வரியைப் பதிலாக எடுத்துக்கொள்கிறது. பிரீ-கமிட்டில் நிலைமை வேறு. அங்கே இன்புட் /டெவ்/நல் (எப்போதும் காலியான சிறப்புக் கோப்பு), அதனால் ‘ரீட்’ உடனே வெறுங்கையோடு திரும்பும்.

சிஐயில்: இன்புட் காலி. படிக்க எதுவும் மீதமில்லை (கோப்பு முடிவு) என்றால் ‘ரீட்’ திருப்பித் தரும் நிலை 1. ‘செட் -ஈ’ அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு அங்கேயே ஸ்கிரிப்டை முடிக்கிறது. ‘ரீட்’ எதுவும் அச்சிடாது, ஆகவே செய்தியும் இல்லை.

செய்ய வேண்டியவை:

முதலில், கேள்வியின் தர்க்கத்தைத் திருப்புங்கள். ‘என் என்றால் நில்’ என்பது அழிக்கும் ஸ்கிரிப்டுக்கு ஆகாது. ‘ஒய் என்று தெளிவாக வந்தால் மட்டும் அழி, மற்ற எதுவானாலும் விட்டுவிடு’ என்று எழுதுங்கள். காலிப் பதில், கோப்பு முடிவு, குப்பை வரி எல்லாமே ‘வேண்டாம்’ பக்கம் விழ வேண்டும். இந்த ஒரு மாற்றம் இருந்திருந்தால், மேலே உள்ள முதல் இரண்டும் வெறும் எரிச்சலாகப் போயிருக்கும், கோப்பிழப்பாக மாறியிருக்காது.

இரண்டாவது, லூப்பின் பட்டியலை ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பின் எண்) 3-க்கு நகர்த்துங்கள். லூப்பின் தலையில் ‘வைல் ஐஎஃப்எஸ்= ரீட் -ஆர் -டி '' கோப்பு <&3’, முடிவில் ‘டன் 3< "$பட்டியல்"’. (இங்கே ‘-டி’ என்பது d; கீழே ‘[ -டி 0 ]’, ‘-டி 30’ இரண்டிலும் t.) ஸ்டாண்டர்ட் இன்புட்டான 0 விடுபட்டிருக்கும், கேள்விக்கு அதைப் பயன்படுத்தலாம். பட்டியலை ‘எம்கேடெம்ப்’ தந்த தற்காலிகக் கோப்பில் எழுதுவது ‘< <(...)’ முறையைவிட நல்லது. பின்னதில் உள்ளே ஓடும் கிட் கட்டளை தோற்றாலும் அதன் வெளியேறும் நிலை உங்களுக்கு நேரடியாகக் கிடைக்காது. லூப் காலியாகச் சுற்றி ‘அழிக்க ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடும். மாறி ஒன்றில் வைக்கவும் முடியாது, பெயர்களைப் பிரிக்கும் நல் எழுத்துகளை (மதிப்பு 0 உள்ள பைட்) பேஷ் மாறிகள் தாங்காது.

மூன்றாவது, பதிலை டெர்மினலையே நேரடியாகக் குறிக்கும் /டெவ்/டிடிஒய்யிலிருந்து வாங்குங்கள்: ‘ரீட் -ஆர் பதில் < /டெவ்/டிடிஒய்’. ஹுக்குக்குள் இதுதான் வழி. ஆனால் அந்தக் கோப்பு இருக்கிறதா, படிக்க அனுமதி உண்டா என்று ‘[ -ஆர் /டெவ்/டிடிஒய் ]’ வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. டெர்மினலே இல்லாத சிஐயிலும் அந்தச் சோதனை தேறிவிடும், திறக்கும்போதுதான் ‘நோ சச் டிவைஸ் ஆர் அட்ரஸ்’ என்று விழும். திறந்து பார்ப்பதே சோதனை: ‘இஃப் ( : < /டெவ்/டிடிஒய் ) 2>/டெவ்/நல்’. அடைப்புக்குறி அவசியம். ‘:’ ஷெல்லின் சிறப்புக் கட்டளை, ரீடைரக்ஷன் தோற்றால் டாஷ் போன்ற ஷெல்களில் ஸ்கிரிப்டே முடிந்துவிடும். சப்ஷெல்லுக்குள் (அடைப்புக்குறிக்குள் ஓடும் தனி ஷெல்) இருந்தால் அது மட்டும் முடியும்.

இன்புட் டெர்மினல்தானா என்று பார்க்கும் ‘[ -டி 0 ]’ பற்றியும் ஒரு வார்த்தை. ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் ஹுக்கில் இது பொய் என்றுதான் வரும். நேரடியாக ஓட்டும் ஸ்கிரிப்டுக்குச் சரி, ஹுக்குக்குச் சரியல்ல.

நான்காவது, கேள்வியை ஸ்டாண்டர்ட் எரருக்கு அச்சிடுங்கள். ஸ்கிரிப்டின் வெளியீட்டை யாராவது ‘$( )’ வைத்துப் பிடித்தால், ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் போன கேள்வி திரையில் தெரியாது, ஸ்கிரிப்ட் தொங்குவதுபோல் இருக்கும். ‘ரீட் -பி’ பேஷில் எரருக்குத்தான் எழுதும். ஆனால் இசட்ஷெல்லில் ‘-பி’க்குப் பொருளே வேறு. ‘பிரின்ட்எஃப் ... >&2’, பிறகு வெறும் ‘ரீட் -ஆர்’ என்று பிரித்து எழுதினால் எங்கும் ஓடும்.

ஐந்தாவது, காத்திருப்புக்கு வரம்பு: ‘ரீட் -டி 30’. நேரம் கடந்தால் பேஷ் தோல்வி நிலை தரும் (பேஷ் 4 முதல் அது 128-க்கு மேல்), அதையும் ‘வேண்டாம்’ என்றே கொள்ளுங்கள். பிரீ-புஷ்ஷில் இது இன்னும் முக்கியம். ஹுக் ஓடும் நேரத்தில் தொலைவுச் சர்வருடன் இணைப்பு ஏற்கெனவே திறந்திருக்கும். ஆள் தேநீர் குடிக்கப் போய்விட்டால் சர்வர் இணைப்பை அறுத்துவிடலாம், அப்புறம் ‘ஒய்’ சொல்லியும் புஷ் தோற்கும். மேக்கில் வரும் பேஷ் 3.2-இல் இந்த நேரம் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

சிஐக்கு ‘--யெஸ்’ என்றொரு விருப்பம் வையுங்கள். டெர்மினலும் இல்லை, ‘--யெஸ்’ஸும் இல்லை என்றால், எது குறைகிறது என்று ஒரு வரி எரருக்கு எழுதிவிட்டு 1 அல்லாத ஒரு தனி நிலையுடன் வெளியேறட்டும். சிஐ பதிவைப் படிப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.

கிட்டே கேட்கும் கேள்விகளும் உண்டு, மறக்க வேண்டாம். கடவுச்சொல்: ‘கிட்_டெர்மினல்_பிராம்ப்ட்=0’. எஸ்எஸ்எச்: ‘கிட்_எஸ்எஸ்எச்_கமாண்ட்’ மாறியில் ‘எஸ்எஸ்எச் -ஓ பேட்ச்மோட்=யெஸ்’. மெர்ஜ் செய்தியை எழுதச் சொல்லி எடிட்டர் திறந்தால் ‘--நோ-எடிட்’. ‘ரீபேஸ் --கன்டினியூ’வுக்கு ‘கிட்_எடிட்டர்=ட்ரூ’. சிஐ வேலை காரணமில்லாமல் தொங்கினால் முதலில் பார்க்க வேண்டியவை இந்த நான்கும்.

---

கருங்காலி:

4, 5, 6-க்கு நான்.

நாலாவதில் கிட் தவறு செய்யவில்லை. ‘-ஈ’ என்பதற்கு ‘இதைத் தொடாதே’ என்று அர்த்தம் இல்லை. ‘இந்த வடிவத்தையும் இக்னோர் விதிகளோடு சேர்த்துக்கொள்’ என்பதுதான் அர்த்தம். சின்ன எக்ஸ் என்றால் .கிட்இக்னோர் விதிகளை ஒதுக்கிவிட்டு எல்லா அன்டிராக்ட் (கிட் கண்காணிக்காத) கோப்பையும் எடு. அப்போது ‘-ஈ’ மட்டுமே மிஞ்சும் விதி, அதனால் .என்வ் தப்புகிறது. பெரிய எக்ஸ் என்றால் இக்னோர் ஆனவற்றை மட்டும் எடு. அங்கே ‘-ஈ .என்வ்’ கொடுத்தால் அதை அழிக்க வேண்டிய பட்டியலில் நீங்களே சேர்க்கிறீர்கள். பெரிய எக்ஸுக்கு ‘-ஈ '!.என்வ்'’ என்று ஆச்சரியக்குறியோடு, ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் டெர்மினலில் தட்டும்போது பேஷ் அந்தக் குறியைப் பழைய கட்டளை வரலாறு என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு எல்லை உண்டு. .என்வ் இருக்கும் ஃபோல்டரே முழுதாக இக்னோர் ஆகியிருந்தால், உள்ளே உள்ள ஒரு கோப்பை ஆச்சரியக்குறியால் மீட்க முடியாது. .கிட்இக்னோரிலும் இதே விதிதான். ‘கான்ஃபிக்/’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘!கான்ஃபிக்/மாதிரி’ என்று எழுதினால் வேலை செய்யாது. ‘கான்ஃபிக்/*’ என்று எழுதினால் செய்யும். வரியின் பின்னால் ‘#’ போட்டுக் குறிப்பு எழுதுகிறவர்களும் கவனிக்கவும்: அது குறிப்பாகாது, வடிவத்தின் பகுதியாகிவிடும். அந்த விதி எந்தக் கோப்புக்கும் பொருந்தாது.

‘கிட் கிளீன்’ அழித்தது ரீஃப்லாகில் (கிட்டின் நகர்வுப் பதிவு) இல்லை, ஸ்டாஷில் (ஒதுக்கி வைத்த மாற்றங்கள்) இல்லை, எங்கும் இல்லை. ஆகவே ஸ்கிரிப்டுக்குள் எப்போதும் ‘-என்’ வைத்து முதலில் காட்டுங்கள், பிறகு ஒரே ஒரு கேள்வி, பிறகு அழிக்க ‘-எஃப்’. கோப்புக்கு ஒரு கேள்வி கேட்டால் பத்தாவது கோப்பிலிருந்து யாரும் படிக்க மாட்டார்கள், ஒய் தட்டிக்கொண்டே போவார்கள். ‘-எஃப்’ இரண்டு முறை கொடுத்தால் உள்ளே இருக்கும் இன்னொரு கிட் ரெப்போவையும் சேர்த்து அழிக்கும். ஸ்கிரிப்டில் அது வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது: .கிட்இக்னோர், ஏற்கெனவே டிராக் ஆகும் கோப்பைக் கண்டுகொள்ளாது. அது அன்டிராக்ட் கோப்புகளுக்கான பட்டியல் மட்டுமே. இப்படி இரண்டிலும் மாட்டிக்கொண்ட கோப்புகளைக் காண: ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -சி -ஐ --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட்’. டிராக்கிங்கிலிருந்து விலக்க: ‘கிட் ஆர்எம் --கேஷ்ட்’. இது உங்கள் வட்டில் உள்ள கோப்பைத் தொடாது. ஆனால் அந்தக் கமிட்டை மற்றவர்கள் புல் செய்யும்போது அவர்களுடைய வட்டிலிருந்து கோப்பு நீங்கிவிடும். அவர்களுக்கு அது வெறும் ‘நீக்கம்’தான். முன்கூட்டிச் சொல்லி, நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கோப்பில் கடவுச்சொல் இருந்திருந்தால் பழைய கமிட்களில் அது அப்படியே கிடக்கும், கடவுச்சொல்லை மாற்றுவதுதான் தீர்வு.

ஒரு கோப்பு ஏன் இக்னோர் ஆகிறது என்று தேட ‘கிட் செக்-இக்னோர் -வி’. எந்தக் கோப்பில், எத்தனையாவது வரி, எந்த வடிவம் என்று சொல்லும். டிராக் ஆகும் கோப்பைக் கொடுத்தால் ஒன்றும் சொல்லாது, ‘--நோ-இன்டெக்ஸ்’ சேர்த்தால் சொல்லும். ஸ்கிரிப்டுக்குள் ‘-வி’ வேண்டாம், ‘-க்யூ’ வையுங்கள். ‘-வி’ ஆச்சரியக்குறி விதிகளையும் பொருத்தம் என்று காட்டும், அது கண்ணால் படிக்கத்தான் சரி. வெளியேறும் நிலை மூன்று வகை: 0 இக்னோர் ஆகிறது, 1 ஆகவில்லை, 128 கட்டளையே தோற்றது. ‘0 இல்லையென்றால் ஆகவில்லை’ என்று எழுதிவிட்டால், ரெப்போவுக்கு வெளியே ஓட்டும்போது 128 வந்து எல்லாக் கோப்பும் ‘இக்னோர் ஆகாதவை’ ஆகிவிடும். மூன்றையும் தனித்தனியே பாருங்கள்.

உங்கள் கணினியில் இக்னோர் ஆவது சிஐயில் ஆகாமல் போனால், விதி .கிட்இக்னோரில் இல்லை என்று பொருள். ‘.கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட்’ அல்லது ஹோம் ஃபோல்டரின் ‘.கான்ஃபிக்/கிட்/இக்னோர்’ கோப்பில் இருக்கும். இரண்டும் ரெப்போவோடு பயணம் செய்யாது.

ஆறாவது: தமிழின் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். ‘அ’ என்பது \340\256\205. 128-க்கு மேற்பட்ட பைட்களைக் கிட் இப்படி எண்முறை 8-இல் எழுதி, பெயரை இரட்டை மேற்கோளில் போடுவது இயல்புநிலை. ‘கோர்.குவோட்பாத்’ அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தெரியும். அது கண்ணுக்குத்தான் நல்லது. ஸ்கிரிப்டுக்கு ‘-இசட்’ ஒன்றே வழி, பெயர்கள் நல் எழுத்தால் பிரிந்து, எந்த மாற்றமும் இல்லாமல் வரும். ‘கிட் கிளீன்’னுக்கு ‘-இசட்’ கிடையாது, அதன் வெளியீட்டை வெட்டி ஒட்டிப் பெயர் எடுக்க முயலாதீர்கள். பட்டியலுக்கு இது: ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -ஓ -ஐ --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட் --டைரக்டரி -இசட்’. ‘--டைரக்டரி’ இல்லாவிட்டால் நோட்_மாட்யூல்ஸின் (நிறுவிய சார்புத் தொகுப்புகளின் ஃபோல்டர்) ஒவ்வொரு கோப்பும் கொட்டும். ரெப்போவின் உச்சிக்கு சிடி செய்துவிட்டு ஓட்டுங்கள், உள் ஃபோல்டரிலிருந்து ஓட்டினால் அதற்குக் கீழே உள்ளதைத்தான் தரும்.

---

பனைநிழல்:

மிக்க நன்றி இருவருக்கும். பட்டியலை 3-க்கு மாற்றியதும் தாண்டுவது நின்றுவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம்.

பழைய ரிலீஸ் பிராஞ்சுக்குப் போய்த் திரும்பினால், இக்னோர் செய்திருந்த உள்ளூர் அமைப்புக் கோப்பு காணாமல் போகிறது. கிளீன் எதுவும் ஓடவில்லை.

பதிலைத் தமிழிலும் வாங்க விரும்புகிறோம்: ‘ஆம்’, ‘இல்லை’. ‘ரீட் -என் 1’ வைத்தால் அடுத்த கேள்விக்குத் தானாகவே பதில் போய்விடுகிறது.

---

தறிநூல்:

முதலாவது, பழைய பிராஞ்சில் அதே பெயர்க் கோப்பு டிராக் ஆகியிருக்கும். கருங்காலி சொன்ன ஐந்தாவதின் மறுபக்கம் இது. இக்னோர் ஆன கோப்பு என்றால் ‘தூக்கி எறியக்கூடியது’ என்று கிட் கொள்கிறது. சாதாரண அன்டிராக்ட் கோப்பு குறுக்கே இருந்தால் ‘இது மேலெழுதப்படும்’ என்று சொல்லி நிற்கும், இக்னோர் ஆனதாக இருந்தால் சத்தமில்லாமல் மேலெழுதும். திரும்பி வரும்போது அந்தக் கோப்பு புது பிராஞ்சில் இல்லை என்பதால் நீக்கியும் விடும். ‘கிட் ஸ்விட்ச் --நோ-ஓவர்ரைட்-இக்னோர்’ கொடுத்தால் மேலெழுதாமல் நின்றுவிடும். ‘செக்அவுட்’டுக்கும் இதே விருப்பம் உண்டு. உங்கள் ஸ்கிரிப்ட் பிராஞ்ச் மாற்றும் எல்லா இடத்திலும் இதைச் சேருங்கள்.

இரண்டாவது, ‘ஆம்’ என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து, யூனிகோடில் மூன்று குறியீடு: ஆ, ம, புள்ளி. மொத்தம் 9 பைட். ‘-என் 1’ முதல் குறியீட்டை எடுத்ததும் மீதி இன்புட்டிலேயே கிடக்கும், அடுத்த ‘ரீட்’ அதைப் பதிலாக எடுக்கும். லொக்கேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) ‘சி’யாக இருந்தால் இன்னும் மோசம். முதல் பைட்டை மட்டும் எடுக்கும், அது எந்த எழுத்துமல்ல. ‘-என்’ஐ விட்டுவிட்டு முழு வரியாக வாங்குங்கள், முன்பின் வெற்றிடத்தை நீக்கிவிட்டு ‘கேஸ்’ கூற்றில் ‘ஒய்’, ‘யெஸ்’, ‘ஆம்’, ‘ஆமா’ என்று முழுச்சொல்லாக ஒப்பிடுங்கள். பைட்டுக்குப் பைட் ஒப்பீடு என்பதால் எந்த லொக்கேலிலும் ஓடும்.

---

ஓடம்:

மேக் இருக்கிறது என்றதால் ஒரு குறிப்பு. ‘தொகுப்பு’ என்ற ஃபோல்டர் பெயரில் உள்ள ‘ொ’வை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ெ’ + ‘ா’ என்று இரண்டாகவும் எழுதலாம். ‘ோ’, ‘ௌ’க்கும் அப்படியே. திரையில் வேறுபாடு தெரியாது. கிட் பைட்களைத்தான் ஒப்பிடுகிறது. .கிட்இக்னோரில் ஒரு வகையும் வட்டில் மறுவகையும் இருந்தால் விதி பொருந்தாது. மேக்கில் ‘கோர்.பிரிகம்போஸ்யூனிகோட்’ ட்ரூவாக இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்த வரியை, பைட்களைக் காட்டும் ‘எக்ஸ்எக்ஸ்டி’யில் ஓட்டுங்கள்: ‘ொ’ ஒன்றாக இருந்தால் 3 பைட், பிரிந்திருந்தால் 6.

---

கருங்காலி:

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரிலீஸுக்காக வேலை செய்யும் ஃபோல்டரைத் துடைப்பதே தேவையற்றது. அழிக்க வேண்டிய அவசியமே இல்லை என்றால் கேள்வியும் இல்லை, டிடிஒய்யும் இல்லை.

மூலக்கோப்புகளை மட்டும் பொதிய வேண்டும் என்றால் ‘கிட் ஆர்கைவ்’. கமிட் ஆனவை மட்டும் போகும், .என்வ் கலக்க வழியே இல்லை. வேண்டாதவற்றை .கிட்அட்ரிபியூட்ஸில் ‘எக்ஸ்போர்ட்-இக்னோர்’ என்று குறித்தால் விலகும். சப்மாட்யூல் (உள்ளே இணைத்த வேறு ரெப்போ) இருந்தால் அவை சேராது, தனியே கவனிக்க வேண்டும்.

பில்ட் ஓட வேண்டும் என்றால் ‘கிட் வொர்க்ட்ரீ ஆட் --டிடாச்’ (அதே ரெப்போவுக்கு இன்னொரு வேலை ஃபோல்டர்), தற்காலிக இடம், ரிலீஸ் டேக். புது ஃபோல்டரில் இக்னோர் கோப்பு எதுவும் இருக்காது, பழைய பில்டின் மிச்சம் ஒட்டாது. முடிந்ததும் ‘வொர்க்ட்ரீ ரிமூவ்’. ஆனால் கவனம்: அன்டிராக்ட் கோப்பு இருந்தால் ரிமூவ் மறுக்கும், இக்னோர் ஆன கோப்புகளை மட்டும் கேட்காமல் அழித்துவிடும். பில்ட் வெளியீட்டை முதலில் வெளியே நகலெடுங்கள்.

---

தறிநூல்:

ரிலீஸுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சார்புத் தொகுப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுவ வேண்டும், பெரிய ரெப்போவில் அந்த நேரம் கனக்கும். சிஐயில் வொர்க்ட்ரீ, கையால் பார்க்கும் பில்டுக்குக் கிளீன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஹுக்கிலிருந்து வொர்க்ட்ரீக்குள் கிட் கட்டளை ஓட்டுவதாக இருந்தால் இன்னொன்றும் வேண்டும். ஹுக்குக்குள் ‘கிட்_டிர்’, ‘கிட்_இன்டெக்ஸ்_ஃபைல்’ போன்ற மாறிகள் அமைந்திருக்கலாம். அவை இருந்தால் நீங்கள் வேறு ஃபோல்டருக்கு சிடி செய்தாலும் கிட் பழைய ரெப்போவிலேயே வேலை செய்யும். முதலில் ‘அன்செட் $(கிட் ரெவ்-பார்ஸ் --லோக்கல்-என்வ்-வார்ஸ்)’.

விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற ஜியுஐயிலிருந்து (சாளரச் செயலி) புஷ் செய்பவர்கள் இருந்தால் ஹுக்கில் கேள்வியே வேண்டாம். டெர்மினலிலிருந்து திறந்த ஜியுஐ என்றால் /டெவ்/டிடிஒய் திறக்கும், கேள்வி பின்னால் மறைந்த டெர்மினலில் தோன்றும், பின்னணியில் ஓடும் புராசஸ் படிக்க முயன்றதும் கர்னல் அதை நிறுத்திவைக்கும். அப்போது ‘-டி 30’கூட உதவாது, நின்றுபோன புராசஸ் நேரம் கடந்ததைக் கவனிக்க முடியாது. ஹுக் சோதனை மட்டும் செய்யட்டும்: தவறு இருந்தால் என்ன கட்டளை ஓட்ட வேண்டும் என்று எரருக்கு எழுதிவிட்டுத் தோற்கட்டும். துடைக்கும் ஸ்கிரிப்டை ஆள் கையால் ஓட்டட்டும். அவசரத்துக்கு ‘--நோ-வெரிஃபை’ இருக்கவே இருக்கிறது.